கடல்தாரகை டிஜிட்டல்ஸின் சிவப்பு நாற்காலி

ஏனாதிப்பட்டினத்துக் கடைத்தெருவில், கருவாட்டு வாசனைக்கும் கோயில் மணிக்கும் நடுவே இருக்கிற கடல்தாரகை டிஜிட்டல்ஸில், பிலோமினாளின் கம்ப்யூட்டர் கேட்காமல் கொள்ளாமல் ஒரு பாதுகாப்பு அப்டேட்டை ஏற்றிக்கொண்டதே, அன்றையிலிருந்துதான் குவைத்திலும் சிங்கப்பூரிலும் கிடந்த பிள்ளைகள் மத்தியான மீன்குழம்புக்கு ஊருக்கு வந்து போகத் தொடங்கினார்கள்.

அதற்கு முன்னால் கடை எப்படி நடந்தது என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது ஒன்றும் விளங்காது. பிலோமினாளை ஊரே பிலோமி என்றுதான் கூப்பிடும். பிள்ளை சடங்கானால் பேனர், காது குத்தினால் பேனர், புது வள்ளம் இறக்கினால் பேனர், ஆள் செத்தால் கண்ணீர் அஞ்சலி, வருஷம் திரும்பினால் நினைவஞ்சலி என்று அந்தக் கரையோரத்தில் மனுஷருக்கு நடக்கிற எல்லாவற்றுக்கும் பிலோமிதான் முகம் வெட்டி, பூ வைத்து, எழுத்துப் போட்டு, பென்டிரைவில் ஏற்றி, அறந்தாங்கி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புவாள். அங்கே அச்சாகி, சாயங்கால பஸ்ஸில் சுருட்டின பேனராக வந்து இறங்கும். இதில் பெரிய வேலை படம் போடுவதல்ல, அளவு போடுவது. சித்தப்பன் முகத்தைவிடத் தாய்மாமன் முகம் ஒரு விரற்கடை சின்னதாகப் போய்விட்டால் போதும், பந்தியில் இலை பறக்கும், வேட்டி அவிழும், ரெண்டு வீட்டுக்கும் ஜென்மத்துக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. அதனால் பேனர் கொடுக்கிற வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். அந்த ஆளுக்கென்று போட்டிருந்ததுதான் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.

அப்டேட் ஏறின மறுநாள் அதில் உட்கார்ந்திருந்தது வள்ளிமயில் அக்கா. பேத்தி சடங்கு பேனர். தாய்மாமனாகிய தன் மகன் செழியன் குவைத்தில் எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறான், வர முடியாது, அதனால் படத்திலாவது சும்மா ஆனை மாதிரி நிற்க வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. பிலோமி செழியன் படத்தைத் திறந்தாள். திரை ஒரு துடி துடித்து, முழுக்க நீலமாகி, ஏதோ எழுத்தெல்லாம் ஓடி, பொசுக்கென்று அணைந்தது. அணைந்த அதே நேரத்தில் வள்ளிமயில் அக்காவின் மடியில், தலையில் ஹெல்மெட்டும் கையில் ஸ்குரூ டிரைவருமாகச் செழியன் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காரு, விழுந்துருவேன்" என்றான் அவன்.

அக்கா தள்ளி உட்கார்ந்தாள். வேறென்ன செய்வாள்? பெற்ற பிள்ளை, கனமாக இருக்கிறான் என்று எழுந்து ஓடவா முடியும்? ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் தடவினாள், முடி கொட்டியிருக்கிறதே என்று அழுதாள், ஒழுங்காகத் தலைக்கு எண்ணெய் வைக்கிறதில்லையா என்று திட்டினாள். கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு மறுபடி உயிர் பெற்று, 'அப்டேட் அமைக்கப்படுகிறது, அணைக்காதீர்கள்' என்று சதவீதம் காட்டிக்கொண்டே போனது. நூறைத் தொட்டதும் மடி காலியானது. ஹெல்மெட் மட்டும் அக்கா கையில் நின்றுவிட்டது. குவைத்தில் ஹெல்மெட் இல்லாமல் நின்றதற்கு அந்தப் பிள்ளை மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று அப்புறம் போனில் தெரிந்தது.

பிலோமிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சடங்கு நெருங்குகிறது, பேனர் முடியவில்லை, இந்தச் சனியன் பிடித்த பெட்டி படத்தைத் திறந்தால் நீலமாகி, அணைந்து, விழுந்துவிடுகிறது. தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தாள். அணைத்துப் போட்டாள். வயரையெல்லாம் பிடுங்கிச் சொருகினாள். பெட்டியைத் திறந்து தூசி ஊதி, ராம் சில்லைக் கழற்றி, ரப்பர் வைத்துத் தேய்த்து மாட்டினாள். எலுமிச்சம்பழம் தொங்கவிட்டாள். தீர்த்தம் தெளிக்க வந்த பங்குச் சாமியாரை, "பெட்டி மேல வேணாம் ஃபாதர், ஷார்ட் ஆயிரும், மேசைக்குத் தெளிங்க" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். திறந்தாள். விழுந்தது. இந்தத் தடவை செழியன் சோப்பு நுரையும் துண்டுமாக வந்து சேர, தாயும் பிலோமியும் சாமியாரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

திருச்சி சர்வீஸ்காரருக்குப் போன் போட்டாள்.

"அப்டேட் போட்டதிலேருந்து விழுந்துக்கிட்டே இருக்கு சார்."

"அந்த அப்டேட்டை எடுத்துருங்க."

"எடுக்க விட மாட்டேங்குது. உங்க பாதுகாப்புக்குத்தான்னு சொல்லுது."

"சரி, விழறப்ப என்ன வருது?"

"வள்ளிமயில் அக்கா மகன் வர்றாரு சார்."

"எரர் கோடு என்ன வருதுன்னு கேட்டேன்மா" என்றார் சர்வீஸ்காரர். அது நிற்கிறதில்லை, ஓடிவிடுகிறது என்றாள். அந்தப் பக்கம் வருகிறபோது பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். பாவம், அவர் மேல் என்ன தப்பு? அவர் படித்த படிப்பில் குவைத் வரவில்லை.

ஊர் இருக்கிறதே, அது இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. ஆளைத் திரும்பக் கொண்டுவருகிற பெட்டி ஒன்று கடைத்தெருவில் இருக்கிறது என்றதும், எப்படி என்ன என்று ஒருத்தர் கேட்டிருப்பாரா? எத்தனை மணிக்குக் கடை திறப்பாய் என்றுதான் கேட்டார்கள். காலையில் பிலோமி ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் தூக்குவாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு தூக்குவாளிக்குப் பின்னாலும் ஒரு தாயோ ஒரு பெண்டாட்டியோ. பிலோமி படத்தைத் திறப்பாள், கம்ப்யூட்டர் விழும், பிள்ளை வந்து உட்காருவான், சதவீதம் ஏற ஏற அவன் அள்ளி அள்ளிச் சாப்பிடுவான், முள் எடுக்க நேரமில்லை என்று தாயே எடுத்துக் கொடுப்பாள், நூறாவதற்குள் கையைக் கழுவ ஒரு செம்புத் தண்ணீர் பக்கத்தில் தயாராக இருக்கும். ஏணியில் நிற்கும்போது இழுக்கப்பட்ட ஒருத்தன் திரும்பிப் போன இடத்தில் தடுமாறி விழப் பார்த்தான். அன்றிலிருந்து, முன்கூட்டியே போனில் சொல்லி, 'தரையில் இருக்கேன், துணி உடுத்தியிருக்கேன்' என்று பதில் வந்தால்தான் படத்தைத் திறப்பது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவானது. ஒருத்தி ஆசைப்பட்டுப் புருஷனோடு கூட இருக்கிற அறைக்காரர்கள் எல்லாரும் நின்ற படத்தைக் கொடுத்து, வந்து விழுந்த கும்பலில் பழைய நாற்காலி உடைந்தே போனது. வள்ளிமயில் அக்காதான் அதே சிவப்பில் இன்னொன்று வாங்கிப் போட்டாள்.

காதுகுத்துகூட அங்கேயே நடந்தது, நம்பித்தான் ஆக வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? ஆசாரி ஊசியோடு தயாராக நிற்பார், மாமன் வந்ததும் பிள்ளையைத் தூக்கி மடியில் வைப்பார்கள், முப்பதில் வலது காது, அறுபதில் இடது காது, மிச்ச நேரத்தில் மாமன் சீர் கொடுத்து, பிள்ளையை முத்தி, மொட்டைத் தலையில் சந்தனம் தடவி முடிப்பதற்குள் அவன் போய்விடுவான், பிள்ளை வெறும் நாற்காலியில் உட்கார்ந்து வீறிடும். தேடப்படுகிற ஆள் ஒருவனின் படத்தோடு போலீஸ்காரர் ஒருத்தரும் வந்து பார்த்தார். ஆள் வந்தான், விலங்கை ஒரு கையில் மாட்டி மறு கைக்கு வருவதற்குள் நூறு ஆகி, விலங்கோடு திரும்பிப் போய்விட்டான். அரசாங்க விலங்கு போச்சே என்று அவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

படத்தைத் திறந்து வேலை செய்ய வழியில்லாததால், கல்யாண பேனர்களில் பொண்ணு மாப்பிள்ளை முகத்துக்குப் பதிலாக ரெண்டு ரோஜாப்பூப் போட்டு அனுப்பினாள் பிலோமி. எந்தப் பூ பெரிசு என்பதில் முதலில் சண்டை வந்தது, அப்புறம் அதுவும் பழகிப்போனது.

ஆனால் ஒரு விஷயம் பிலோமிக்கு மட்டும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, அவள் வாயைத் திறக்கவில்லை. சாவு வேலை மட்டும் தடங்கலே இல்லாமல் ஓடியது. கண்ணீர் அஞ்சலி என்று ஒரு படத்தைத் திறந்தால் கம்ப்யூட்டர் பூனைக்குட்டியாக நடந்துகொள்ளும். வெட்டு என்றால் வெட்டும், கறுப்பு வெள்ளை ஆக்கு என்றால் ஆக்கும். ஏனாதிப்பட்டினத்தில் அஞ்சலி போஸ்டரில் செத்தவர் முகம் மட்டும்தான் இருக்கும், அழுகிறவர்களுக்குப் பெயர் மட்டும் என்பது பழைய வழக்கம் என்பதால் அதில் உயிரோடு இருக்கிறவர் படமே வராது. உயிருள்ள முகத்துக்கு விழுகிறது, உயிரில்லாத முகத்துக்கு விழவில்லை.

ஊருக்குத் தெரிந்தது கனகவல்லியால். சவுதியில் இருக்கிற புருஷன் போன் எடுக்கவில்லை என்று படத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள் அவள், கையில் அவனுக்குப் பிடித்த சுறாப்புட்டு. பிலோமி திறந்தாள். விழவில்லை. மூடித் திறந்தாள். விழவில்லை. படத்தில் அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே இருந்தான், ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது, வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தராக மாராப்பை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார்கள். கனகவல்லி, "இன்னொரு தடவை அமுக்கு பிலோமி, நல்லா அழுத்தி அமுக்கு" என்று கெஞ்சினாள். அங்கேயிருந்து சேதி வருவதற்கு முன்னாலேயே இங்கே அவள் தாலி இறங்கிவிட்டது.

அன்றோடு ஊருக்குக் குழப்பம் பிடித்தது. விழுந்து தொலைக்கிறதே என்று ஆரம்பத்தில் திட்டின வாய்களெல்லாம், "மாதாவே, விழணும், தாயே, விழுந்துரணும்" என்று நேர்ந்துகொண்டு உள்ளே வந்தன. நீலத் திரையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்படிப் போட்டுக்கொண்ட கையோடு எல்லாரும் பிலோமி முகத்தைப் பார்த்தார்கள். ஏன் பார்த்தார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

பிலோமியின் புருஷன் கஸ்பார் தனியாக வள்ளம் எடுத்துக்கொண்டு போய், வள்ளம் மட்டும் கவிழ்ந்தபடி கரைக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. உடம்பு வரவில்லை. சட்டை வரவில்லை. செத்தவருக்கு வைக்கிற பூசையை வைத்துவிடலாம் என்று கஸ்பாரின் அண்ணன் சூசைமாணிக்கம் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். பொல்லாத மனுஷர் இல்லை, தம்பிக்கு ஒரு கல்லறைச் சிலுவைகூட இல்லையே என்ற வேதனை. பிலோமி ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "உடம்பக் காட்டுங்க மச்சான், அழுறேன்." தாலியைக் கழற்றவில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் ஊர்ச் செத்தவர்களுக்கெல்லாம் நினைவஞ்சலி போட்டுக் கொடுக்கிறவள், தன் புருஷனுக்குப் போட மாட்டேன் என்று நின்றாள். அறந்தாங்கியில் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் பெண்டாட்டி கையால் வராத போஸ்டரை ஊர் எப்படி நம்பும் என்று சூசையும் விட்டுவிட்டார்.

இப்போது அந்தப் படத்தைத் திறந்தால் போதும். விழுந்தால் இருக்கிறார். விழாவிட்டால் இல்லை. ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடிக்குத்தான் அவளால் முடியவில்லை. விழாவிட்டால் என்ன செய்வாள்? சரி, விழுந்து, வந்து உட்கார்ந்துவிட்டால்? இத்தனை வருஷமாக எங்கேய்யா இருந்தாய் என்று கேட்க வேண்டி வருமே? ஊருக்கெல்லாம் ஆள் வரவழைத்துவிட்டு வீட்டுக்குப் போய், ஒருத்திக்குச் சோறு பொங்கி, ஒருத்தியாகச் சாப்பிட்டுப் படுத்தாள்.

அப்போதுதான் சர்வீஸ்காரர் போன் செய்தார். கல்லறைத் திருநாள் கழிந்த மறுநாள் வருகிறேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன், அதற்கப்புறம் ஒரு தொந்தரவும் இருக்காது என்றார். ஊர் பதறிப்போனது, அவரை பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுகூடப் பேசினார்கள். இனி தள்ளிப்போட நாளில்லை என்பது மட்டும் பிலோமிக்குத் தெரிந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரே பூசையில் இருக்கிற நேரம் பார்த்துக் கடையைத் திறந்து, உள்ளே போய் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டாள். கஸ்பாரின் நல்ல படம் ஒன்றுதான் இருந்தது. மாதா தேரன்று எடுத்தது, நீலச் சட்டை, காற்றில் பறக்கிற முடி, தோளில் ஒரு கை. அது பிலோமியின் கை. அவள் முகம் படத்துக்கு வெளியே போய்விட்டது, கை மட்டும் தங்கிவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டு படத்தைத் திறந்தாள்.

நீலமானது.

சிவப்பு நாற்காலியில் கஸ்பார் உட்கார்ந்திருந்தான். உடம்பு பூசினாற்போல இருந்தது. சலவைச் சட்டை. வலது கையில் சீப்பு, இடது கையில் பாதி அவிழ்ந்த ஒரு சிவப்பு ரிப்பன்.

பிலோமி அதைத்தான் பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்துப் புருஷன் வந்து உட்கார்ந்திருக்கிறான், இந்தப் பாவி மனது அவன் முகத்தைப் பார்க்காமல் ரிப்பனைப் பார்க்கிறது.

"யாருக்கு?" என்றாள்.

கஸ்பார் ரிப்பனை மறைக்கப் பார்த்தான், எங்கே மறைப்பது? "அவ பிள்ள" என்றான். "என் பிள்ள இல்ல. முன்னமே இருந்த பிள்ள. ஆனா அப்பான்னுதான் கூப்புடும். பூசைக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தோம்."

"சடை பின்னத் தெரியுமா உங்களுக்கு?"

"கத்துக்கிட்டேன்."

சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. கஸ்பார் படபடவென்று சொல்ல ஆரம்பித்தான். வள்ளம் கவிழ்ந்தது, வேறு படகுக்காரர்கள் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது, காய்ச்சலில் கிடந்தது, அந்தப் பிள்ளையின் தாய் கஞ்சி ஊற்றினது. "வரணும்னுதான் இருந்தேன் பிலோமி. சத்தியமா. நாளைக்கி, நாளைக்கின்னு... அப்புறம் எப்படி வர்றதுன்னே தெரியல. நீ என்ன கேப்ப, நான் என்ன சொல்லுவேன்னு நினைச்சாலே கால் வரல. அந்த ஊரு எங்க இருக்குன்னா..."

"ஊர் பேரச் சொல்லிராதீங்க!" என்று கத்தினாள் பிலோமி. "சொன்னா எனக்குத் தெரிஞ்சுரும். எனக்குத் தெரிஞ்சா உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சுரும். நாளைக்கே பஸ் ஏறிருவாரு."

அவன் வாயை மூடிக்கொண்டான். ரெண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு எழுந்துபோய் அவனை அறைய வேண்டும் போல இருந்தது, அறைந்துவிட்டு அதே கன்னத்தைத் தொட வேண்டும் போலவும் இருந்தது, ரெண்டில் எது முதலில் என்று குழம்பி ரெண்டையும் செய்யவில்லை. தொண்ணூற்றுச் சொச்சத்தில் சதவீதம் கொஞ்சம் சிக்கி நின்றது. ரிப்பன் அவன் விரலிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

"அந்த ரிப்பனக் கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்றாள் பிலோமி. "இங்க விழுந்துரப்போவுது. பிள்ள ஒத்தச் சடையோட நிக்கும்."

நாற்காலி காலியானது.

பூசை முடிந்து மணி அடித்தது. பிலோமி பூசைக்கு வரவில்லை என்பதையும் கடைப் பூட்டுத் தொங்கவில்லை என்பதையும் யார் முதலில் கவனித்தார்களோ, வாசலில் செருப்புச் சத்தம் நிறைந்துவிட்டது. ஷட்டரைத் தூக்கிக்கொண்டு சூசைமாணிக்கம் உள்ளே வந்தார், பின்னால் வள்ளிமயில் அக்கா, கனகவல்லி, ஊர்.

"தொறந்தியாத்தா?" என்றார் சூசை.

"தொறந்தேன் மச்சான்."

"விழுந்துச்சா?"

பிலோமி என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கவே இல்லை, அதுதான் உண்மை. விழுந்தது என்றால் என்ன ஆகும்? தினமும் இதே நாற்காலிக்கு அவனை இழுப்பார்கள், அண்ணன் சட்டையைப் பிடிப்பார், பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள், எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை அப்பா எங்கே என்று தேடிக்கொண்டு நிற்கும். இதெல்லாம் அவள் நினைத்தாள் என்று சொல்ல முடியாது. அவள் கண்ணுக்குள் ஒரு ஒற்றைச் சடைதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"விழல" என்றாள்.

ஊர் ஒரு பெருமூச்சு விட்டது, அப்புறம் நெஞ்சில் அடித்துக்கொண்டது. சூசைமாணிக்கம் சிவப்பு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, தம்பி" என்று குலுங்கினார். கனகவல்லி பிலோமியைக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் அழுதார்கள், பிலோமி ஒருத்திதான் அழவில்லை. அதிர்ச்சி, அப்புறம் அழுவாள், விடுங்கள் என்றார்கள்.

விட்டார்களா? சாயங்காலமே சூசை திரும்பி வந்தார், கூடவே நாலு பேர், வாசலில் பெண்கள். நாளை கல்லறைத் திருநாள். தம்பிக்குச் சிலுவை நடப் போகிறோம், போஸ்டர் காலையில் கோயில் சுவரில் இருக்க வேண்டும், கடைசி பஸ்ஸை நிறுத்திவைத்திருக்கிறேன், உன் கையால் போட்டுக் கொடு ஆத்தா என்றார்.

அப்போதுதான் பிலோமிக்குத் தான் செய்து வைத்திருப்பது என்ன என்பது உறைத்தது. இந்தக் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தால் விழும். விழுந்தால் இவர்கள் எல்லார் முன்னாலும் கஸ்பார் வந்து உட்காருவான். கண் வலிக்கிறது என்றாள். பொறுத்துக்கொள் என்றார்கள். கரண்ட் போகப்போகிறது என்றாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நாளைக்குக் காலையில் என்றாள். சூசை அவள் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார், அழுது வீங்கின முகத்தோடு, அவளுக்கு மாமனார் ஸ்தானத்தில் இருக்கிறவர். அதற்கு மேல் என்ன சொல்வது?

சரி, நடக்கிறது நடக்கட்டும் என்று நினைத்தாள். சட்டையைப் பிடித்தால் குறுக்கே விழுந்து தடுத்துக்கொள்ளலாம், நூறு ஆகும்வரைதானே. தரையில் இருக்கேன், துணி உடுத்தியிருக்கேன் என்று அவனிடமிருந்து பதில் வாங்கக்கூட வழியில்லை. சிவப்பு நாற்காலியைத் தன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு படத்தை அமுக்கினாள்.

ஃபேன் சத்தம்தான் கேட்டது.

கண்ணைத் திறந்தாள். திரையில் நீலச் சட்டையும் பறக்கிற முடியுமாகக் கஸ்பார் நின்றான். நாற்காலி காலியாக இருந்தது. கம்ப்யூட்டர் விழவில்லை. சூசை பின்னாலிருந்து, "ம், வெட்டுத்தா" என்றார். அவருக்கென்ன தெரியும்? விழாது என்றுதானே அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

பிலோமி காத்திருந்தாள். விழும், சில நேரம் மெதுவாகத்தான் விழும். முகத்தைப் பெரிதாக்கினாள். விழவில்லை. சுற்றிலும் வெட்டினாள். விழவில்லை. தோளில் கிடந்த தன் கையை அழித்தாள், விரல் விரலாக, மோதிர விரலைக் கடைசியாக. கம்ப்யூட்டர் பூனைக்குட்டியாகச் சொன்னதைச் செய்தது. விழுந்துரு, மாதாவே, விழுந்துரு என்று உதடு தன்னால் அசைந்தது. கறுப்பு வெள்ளை ஆக்கினாள். நீலச் சட்டை சாம்பலானது.

காலையில் விழுந்ததே! இதே படம், இதே கை. நடுவில் என்ன நடந்தது? அவள் ஒரு சொல் சொன்னாள், அவ்வளவுதானே? அந்தச் சொல்லையா இந்தப் பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது? இல்லை, அங்கே அந்தப் பேர் தெரியாத ஊரில், பூசைக்குப் போகிற வழியில், ஒரு ரோடு, ஒரு லாரி, ஒரு நெஞ்சுவலி... எதைக் கேட்பது, யாரைக் கேட்பது? ஊர் பேரைச் சொல்லாதே என்று கத்தினவள் அவள்தானே.

ஒருவேளை பெட்டிக்குச் சரியாகிவிட்டதோ என்று ஒரு ஆசை வந்தது. வியாதி தானாகத் தீர்ந்திருக்கலாம், இப்போது யார் படத்துக்கும் விழாமல் இருக்கலாம், அப்படியானால் கஸ்பார் அங்கே நன்றாகத்தான் இருக்கிறான். யார் படத்தைத் திறந்து பார்ப்பது? தேடினாள், கைக்குக் கிடைத்தது அவளுடைய படம்தான். ரேஷன் கார்டுக்கு எடுத்தது, முறைத்துக்கொண்டிருக்கிற முகம். அதைத் திறந்தாள்.

நீலமானது.

அவள் நாற்காலி காலியாகி, சிவப்பு நாற்காலியில் பிலோமி உட்கார்ந்திருந்தாள், காலையில் கஸ்பார் உட்கார்ந்திருந்த அதே இடத்தில்.

பெட்டிக்கு ஒன்றும் சரியாகவில்லை. அது உயிருள்ள முகத்துக்கு ஒழுங்காக விழுந்துகொண்டுதான் இருந்தது.

"ஏத்தா, அங்க எதுக்குப் போய் உக்காந்த?" என்றார் சூசை, ஒன்றும் புரியாமல்.

அப்போதுதான் பிலோமி அழுதாள். இத்தனை வருஷம் அழாததெல்லாம் சேர்த்து அழுதாள். வாசலில் நின்ற பெண்கள், அழட்டும், இப்பத்தான் இறங்குது, இனி தேறிருவா என்றார்கள். அவள் சூசையின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு இனிமே யாரு மச்சான் சடை பின்னுவா?"

"எந்தப் பிள்ளைக்கு?" என்றார் சூசை. மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்ல, இரக்கமாக, "உனக்கு ஏதுத்தா பிள்ள?" என்றார்.

திரையில் சதவீதம் ஏறத் தொடங்கியிருந்தது. நூறானால் அவளை அவள் இடத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். கைக்கெட்டுகிற தூரம்தான், எழுந்தால் ஒரே எட்டு. ஆனாலும் அவள் எழவில்லை, நூறு வரட்டும் என்று அந்தச் சிவப்பு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.